ஒற்றுமை நிறம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் வேன்காரருக்கு ஒரு காலத்தில் தூக்கம் என்று பொருள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, சண்டைக்குத் தீர்ப்பும் வாந்திக்குத் தண்ணீரும் கொடுத்தபடி ஓட்டுகிற மனிதர். ஞாயிறன்று படுத்தால் மத்தியானம்தான் கண் திறப்பார். ஊர் அழகுக் குழு என்று ஒன்று பிறந்ததும் அந்த நாளும் சேவைக்குப் போய்விட்டது.

தன்னார்வம் என்பது உள்ளத்தில் தானாகப் பொங்கி வருவது என்று குழுத் தலைவர் கூட்டங்களில் விளக்குவார். பொங்காதவர்கள் வீட்டுக்கு விடியற்காலையிலேயே நேரில் வந்து அடுப்பைப் பற்ற வைப்பார். கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எது கிடைத்தாலும், டார்ச் லைட்டோ தண்ணீர் பாட்டிலோ, அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் ஊரில் அவருக்கு மைக் என்று பெயர், அவர் இல்லாதபோது மட்டும்.

விஷயம் இதுதான். 'அழகிய கிராமம்' என்று ஒரு போட்டி. நடுவர்கள் மூன்று பேர் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தலைவர் இதை ஆழ்ந்து யோசித்து ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்திருந்தார். காரிலிருந்து தெரிவதுதான் ஊர். தெரியாதது ஊரே இல்லை.

ஆகவே ஞாயிறுதோறும் வேனின் முன் சீட்டில், ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு, அவரே நடுவராகி உட்காருவார். வேன் முதல் கியரில் ஊர வேண்டும். கண்ணை உறுத்துகிற எதைப் பார்த்தாலும் "குறி!" என்பார். கூடவே நடந்து வருகிற மளிகைக்கடைக்காரர் சாக்பீஸால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்தது பளிச்சென்று ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறைய வேண்டும். இப்படியே வீடுகளுக்கு முன்புறம் அழகாகிக்கொண்டே வந்தது. வீடுகளுக்குப் பின்னால் உடைந்த நாற்காலி, பழைய டயர், செத்த கிரைண்டர் எல்லாம் குடியேறி இன்னொரு ஊரே எழும்பிக்கொண்டிருந்தது.

"முதல் கியர்லயே போனா கிளட்ச் தேயுது, தலைவரே."

"ஊருக்காகத் தேயட்டும், தம்பி."

வேன்காரர் ஓட்டினார். அவர் வீட்டுக்கு நேராக ஒரு வேகத்தடை உண்டு. எந்த என்ஜினீயர் எந்தக் கோபத்தில் போட்டதோ, ஒட்டகத்தின் முதுகு மாதிரி நிற்கும். வேன் அதில் ஏறி இறங்கியபோது தலைவரின் தாடை ஜன்னல் கம்பியில் இடித்தது. அந்த வலியோடு நிமிர்ந்து பார்த்தவரின் கண்ணில் வேன்காரர் வீட்டு வாசல் குழாய் பட்டது.

"நிறுத்து, நிறுத்து. இது என்ன தம்பி?"

"நம்ம வீடு, தலைவரே."

"வீடு தெரியுது. வாசல்ல என்ன, மாட்டுக் கொட்டகைக்கு அடைப்புப் போட்ட மாதிரி?"

அது பழைய தண்ணீர்க் குழாய்களை ஒட்டவைத்துச் செய்த கைப்பிடி. கதவு நிலையில் தொடங்கி, சுற்றுச்சுவர் ஓரமாகவே போய், சாக்கடைப் பலகையைத் தாண்டி, மளிகைக்கடை பெஞ்சு வரைக்கும் நீண்டது. வேன்காரரின் மனைவி பரண் துடைக்க நாற்காலிமேல் நாற்காலி போட்டு ஏறி விழுந்து, இடுப்பில் தகடு வைத்து வீட்டுக்கு வந்தபோது, எலும்பு டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: தினமும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் அந்தத் தெருவின் மேடு பள்ளத்தில் குடிகாரனைப்போல் சாய்ந்தது. அதனால் வேன்காரர் வெல்டிங் கடைக்காரரைக் கெஞ்சி இதை அடித்து வாங்கினார். துருப்பிடித்த குழாய்தான். ஆனால் அவள் கை பட்டுப் பட்டு மேல்பக்கம் மட்டும் நாணயம் மாதிரி பளபளத்தது. சாயங்காலம் ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு கடை பெஞ்சு வரை போய், உட்கார்ந்து, ஊரில் யார் யாரோடு பேசவில்லை என்று விசாரித்துவிட்டு வருவாள். போவதைவிட வருவதற்கு நேரம் பிடிக்கும். செய்தியும் சேர்ந்து கனக்குமே.

"வீட்டுல அவங்க பிடிச்சு நடக்கறதுக்குத்தான், தலைவரே."

"உள்ளே நடக்கலாமே. அழகுப் பாதையிலதான் நடக்கணுமா?" தெருவுக்கு அவர் போன வாரம்தான் இந்தப் பெயரைச் சூட்டியிருந்தார். "எடுத்துடலாமா?"

இல்லை என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். இல்லை என்றால் ஏன் என்பார்கள். காரணம் சொன்னால் இது ஒரு காரணமா என்பார்கள். அப்புறம் ஊர்ப்பற்று வரும், வருங்காலத் தலைமுறை வரும். சரி என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். வேன்காரரின் வாழ்க்கை பெரும்பாலும் இந்தச் சிக்கனத்தில்தான் ஓடியது.

"பாக்கலாம், தலைவரே."

"என்னத்தப் பாக்கறது?" குரல் வாசலில் இருந்து வந்தது. மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "எடுக்கறதுன்னா என் காலையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. கார்ல வர்றவங்களுக்கு அதுவும் தெரியாம இருக்கும்."

எவ்வளவு பெரிய கூட்டம் என்றாலும் சமாளிக்கிற தலைவருக்கு ஒற்றை ஆளிடம், அதுவும் பதில் சொல்கிற ஆளிடம், பேச வராது. தண்ணீர் பாட்டிலை வாயருகே கொண்டுபோய், பேசாமல், குடித்தார்.

"எடுக்க வேண்டாம்மா. அழகுபடுத்திடலாம். ஒரு பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது."

"அழகெல்லாம் வேணாம். பிடிச்சா நிக்கணும், அவ்வளவுதான்."

"ஒரே நாள்ல காஞ்சிடும்மா. அப்புறம் நீங்க ராணி மாதிரி நடக்கலாம்."

"ராணிக்கு ரெண்டு காலும் நல்லாருக்கும், அண்ணே."

மளிகைக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயின்மேல் பெருக்கல் குறி போட்டார்.

பெயிண்டுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது தலைவருக்கு இரண்டாவது முறையாக ஞானம் பிறந்தது. யார் வீட்டுப் பரணிலும் அடித்தது போக மிச்சம் ஒரு டப்பா இருக்கும். அதைக் கொண்டு வாருங்கள் என்றார். வந்தது. வந்ததுமே தகராறும் வந்தது. தன் பச்சை தன் கடை பெஞ்சுக்குத்தான் என்றார் மளிகைக்கடைக்காரர். தன் மஞ்சளைப் பஸ் நிறுத்தத்துக்கு அடித்தால் அதில் எதிர்வீட்டுக்காரி உட்காரக் கூடாது என்றார் தையல்காரம்மா. அரை மணி நேரத்தில், பேசாமல் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள்.

தலைவர் ஒரு பிரஷ்ஷை வாய்க்கு நேராகப் பிடித்தார். "ஒரே ஊர். ஒரே டிரம். ஒரே நிறம். எல்லாத்தையும் இதுல ஊத்துங்க."

வேன்காரரின் மச்சினன், டிரம் கலக்கும் பொறுப்பு வாய்த்தவன், டப்பாக்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். "தலைவரே, இதுல பாதி ஆயில் பெயிண்ட். பாதி செவுத்துக்கு அடிக்கற தண்ணிப் பெயிண்ட். ஒண்ணா சேருமா?"

"சேராதுன்னு நினைக்கறவங்களாலதான் தம்பி நம்ம ஊர் இன்னும் இப்படி இருக்கு."

எல்லோரும் ஊற்றினார்கள். வார்னிஷ் வந்தது, மொட்டை மாடியில் ஒழுகல் அடைக்கிற கருப்புப் பசை வந்தது, லேபிள் உதிர்ந்துபோன ஒரு டப்பாவும் வந்தது. ஊற்றாமல் வைத்துக்கொண்டால் ஒற்றுமைக்கு எதிரி என்று ஆகிவிடுமே. ஊரில் நிஜமான பெயிண்டர் ஒருவர் இருந்தார்தான். ஆனால் சேவை என்ற சொல் காதில் விழுந்த அன்றே, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பஸ் ஏறிவிட்டார். மாமியார் இதே ஊரில், பின்தெருவில், நன்றாகத்தான் இருந்தார்.

மச்சினன் கடப்பாரையால் கலக்கினான். ஆறிக்கொண்டிருக்கிற பழைய காயத்தில் சேற்றைக் குழைத்ததுபோல ஒரு நிறம் மேலே வந்தது. தலைவர் அதற்கு ஒற்றுமை நிறம் என்று பெயர் வைத்தார்.

"எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"போன மாசம் உங்களுக்கு வயித்தால போச்சே, அப்பப் பாத்திருப்பீங்க" என்றார் தையல்காரம்மா.

தன் வீட்டுக் குழாய்க்கு வேன்காரரே அடித்தார். மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல்பக்கம் விட்டுடுங்க. கை வைக்கற இடம்."

"ம்."

"ம்னா விடறதா, அடிக்கறதா?"

அவர் விடத்தான் நினைத்தார். தலைவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "பாதி அடிச்சு பாதி விட்டா அரைகுறையா இருக்கும் தம்பி." வேன்காரர் மேல்பக்கமும் அடித்தார். அடித்துக்கொண்டே போய்க் கடையருகே வந்தபோது, காலையில் அடித்து முடித்த பெஞ்சின்மேல் ஒரு ஈயைப் பார்த்தார். அது பறக்கப் பார்த்தது. ஒரு காலை எடுத்தால் இன்னொரு கால் ஒட்டிக்கொண்டது. வெயில் இல்லை, அதுதான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். களைத்துப்போனவனுக்கு வேறு எது வராவிட்டாலும் சமாதானம் மட்டும் நன்றாக வரும்.

வெயில் வந்தது. நிறம் காயவில்லை.

மறுநாள் காயவில்லை. அதற்கு மறுவாரமும் காயவில்லை. தொட்டால் இழுத்தது, தொடாவிட்டால் மினுமினுத்தது. தொடாதீர் என்று ஊரெங்கும் பலகை வைத்தார்கள். பலகையையும் அதே பெயிண்டில்தான் எழுதினார்கள் என்பதால் எழுத்தெல்லாம் வழிந்து வேர்விட்டு நின்றது. பஸ் நிறுத்த பெஞ்சு தபால்காரரின் பையை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. தையல்காரம்மா தன் வீட்டு கேட்டில் தானே திருடிபோல் ஒருக்களித்து நுழைந்தார். பள்ளிக்கூட கேட்டை இழுத்துச் சாத்த ஆள் இல்லாமல் அது இரவும் பகலும் கல்விக்குத் திறந்தே கிடந்தது. எதிலும் கை படாமல் இருக்க ஊரே கையைக் கட்டிக்கொண்டு நடந்தது. வெளியூர் பஸ் டிரைவர் ஒருவர் அதைப் பார்த்து, இவ்வளவு மரியாதையான ஊரை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"தரமான பெயிண்ட் மெதுவாத்தான் காயும்" என்றார் தலைவர். அவர் வீட்டு கேட் தெருமுனைக்கு அப்பால், காரிலிருந்து தெரியாத இடத்தில், பழைய வெள்ளையிலேயே இருந்தது.

நடுவர்களும் வருகிறோம் வருகிறோம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவை கார் ரிப்பேர், ஒரு தடவை யாருக்கோ காய்ச்சல். அதற்குள் ஒட்டுகிற நிறத்தில் தூசி ஒட்டும், இலை ஒட்டும், கோழி இறகு ஒட்டும். தலைவர் பார்ப்பார். "மேலே ஒரு கை போட்டுடுங்க." டிரம்மில் இருந்தது குறையவே இல்லை. கைமேல் கை விழுந்து குழாய் கட்டைவிரல் பருமனில் இருந்து மணிக்கட்டு பருமனுக்கு வந்தது. வேன்காரரும் ஒவ்வொரு முறையும் போட்டார். பிரஷ்ஷைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

மனைவி முதலில் விடவில்லை. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பிடித்தாள், வழுக்கியது. துணி சுற்றிப் பிடித்தாள். துணி குழாயோடு போனது, அவள் பாதித் தெருவில் நின்று கத்தி, மளிகைக்கடைக்காரர் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். புருஷன் தோளைப் பிடித்து நடக்கலாம்தான். ஆனால் தோள் காலையில் பள்ளிக்கூட வேனில் இருந்தது, சாயங்காலம் அழகுக் குழுவில் இருந்தது. வீட்டுக்குள் நடக்கலாம் என்றால், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே அவள் திரும்புவதற்குத்தான் இடம்.

கொஞ்ச நாள் திட்டினாள். திட்டுகிறவரை வேன்காரர் கவலைப்படவில்லை.

ஒரு நாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, "என்னங்க, தண்ணி" என்றாள். அவர் மொண்டு கொடுத்தார். வேனைக் கிளப்பித் தெருமுனை திரும்பியபோதுதான் அது உறைத்தது. தண்ணீர்ப் பானை கட்டிலில் இருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். இத்தனை நாள் அவளேதான் எழுந்து போய் மொண்டுகொள்வாள், கேட்டால் கோபப்படுவாள். இன்று டம்ளரைத் திருப்பி அவர் கையில் கொடுத்தபோது அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடையில் என்ன செய்தி என்று அவள் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. பின்னால் இரண்டு பிள்ளைகள் ஒரு பென்சிலுக்காகக் கடித்துக்கொண்டிருந்தன. அன்று அவர் தீர்ப்பு சொல்லவில்லை.

அந்த வாரமே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் காலைத் தூக்கி மடக்கிப் பார்த்தார். அது மடங்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேசையைப் பிடித்தாள்.

"போன தடவை நல்லா வந்துச்சே. நடக்கறதை விட்டுட்டீங்களா?"

"எங்க ஊர் அழகாயிட்டு இருக்கு டாக்டர்" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. புருஷனைப் பார்த்தார். புருஷன் தன் நகக்கண்ணில் அடைந்திருந்த ஒற்றுமை நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே இன்னும் கொஞ்சம் விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாற்காலிதான்."

திரும்பி வரும் வழியில் அவளை வேனிலேயே உட்கார வைத்துவிட்டு வேன்காரர் தலைவர் வீட்டுக்குப் போனார். குழாயைச் சுரண்டிக்கொள்கிறேன் என்றார். டாக்டர் சொன்னதையும் சொன்னார். தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. மனிதர்களைவிட மனிதகுலத்தின்மேல் கொஞ்சம் பிரியம் அதிகம், அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை நிச்சயம் வர்றாங்க தம்பி. போன்லயே உறுதியா சொல்லிட்டாங்க. நடுவுல உங்க வீடு மட்டும் பல்லு விழுந்த மாதிரி இருந்தா ஊர் மானம் என்ன ஆகறது? அவங்க கார் போன அடுத்த நிமிஷம் நானே வந்து சுரண்டித் தர்றேன்."

"சரி, தலைவரே."

வேனுக்கு வந்தார். அவள் கேட்டாள்: "என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"தெரியும். எல்லாம் உரிஞ்சாலும் உங்க வாயில அந்த ஒண்ணு மட்டும் உரியாது."



ஞாயிறு வந்தது. வேகத்தடையில் இருந்து மளிகைக்கடை வரை தன்னார்வலர்கள் இரண்டு வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நின்றார்கள், நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராகக் குந்தினார்கள். மச்சினன் நின்றபடியே தூங்கினான். வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது தலைவரின் போன் அடித்தது. அவர் பேசிவிட்டு வந்து பிரஷ்ஷை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"நண்பர்களே, இன்னும் நாலு ஊர் பாக்கியாம். வந்தாலும் வருவாங்களாம். இல்லைன்னா அடுத்த ஞாயிறு. இதை நாம ஒரு வாய்ப்பா எடுத்துக்கணும். அடுத்த ஞாயிறுக்குள்ள எல்லாத்துக்கும் மேலே இன்னொரு கை!"

யாரும் கைதட்டவில்லை. கட்டிய கையைப் பிரிக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

தலைவர் பிரஷ்ஷை வேன்காரரிடம் நீட்டினார். "தம்பி, உங்க குழாய்ல இலை ஒட்டியிருக்கு பாரு. அதுல இருந்து ஆரம்பிச்சிடு."

வேன்காரர் சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. மறுப்பு ஒன்றும் இல்லை, வீரம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமாகத் தூக்கித் தூக்கி வெளியே போட்ட சொல்லை அன்று தூக்கத் தெம்பில்லை. பிறகு பிரஷ்ஷை வாங்காமல் வேனுக்குப் போய், சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பிள்ளைகள் ஒட்டிவைக்கிற பபிள்கம்மைச் சுரண்டுகிற தகட்டை எடுத்தார். டீசல் துணியையும் எடுத்துக்கொண்டார். கதவு நிலையருகே குந்தி, தகட்டைக் குழாயின்மேல் வைத்து இழுத்தார்.

காயாததால் சுலபமாகவே வந்தது. வாழைப்பழத் தோல் மாதிரி பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. உள்ளே மளிகைக்கடைக்காரரின் பச்சை தனியாக, தையல்காரம்மாவின் மஞ்சள் தனியாக, ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாமல் கோடு கோடாக இருந்தன. அதற்கும் கீழே பழைய குழாய். டீசலால் துடைத்தார், சட்டை நுனியால் இன்னொரு முறை துடைத்தார். ஒரு முழம் தேறியது.

"தம்பி! இன்னிக்கா?" தலைவர் தெருமுனையைப் பார்த்தார். "வந்தாலும் வருவாங்கன்னு சொல்றாங்க!"

வேன்காரர் திரும்பவில்லை. இரண்டாவது முழத்தில் தகட்டை வைத்தார்.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம் கை குழாயின்மேல் விழுகிற சத்தம். அவர் பார்க்கவில்லை, பார்த்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். அவர் ஒரு முழம் சுரண்டினார், அவள் ஒரு முழம் வந்தாள். அவர் நகர்வதற்குள் அவள் நின்று காலை நொந்துகொண்டாள், அவள் வருவதற்குள் அவர் துடைத்து வைத்தார். சுற்றுச்சுவர் பாதி கடந்திருக்கும்.

"டீசல் நாறுது" என்றாள்.

"ம்."

"ம்னா என்ன? நல்லாத் துடைங்க."

அவருக்கு அது பாட்டு மாதிரி கேட்டது. திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் தெருமுனையில் கார் திரும்பியது.

வெள்ளைக் கார். குந்தியவர்கள் எழுந்தார்கள், மச்சினன் விழித்தான், வரிசை கையைக் கட்டியது. தலைவர் ஓடிவந்து, பாதி உரிந்து தொங்குகிற குழாய்க்கும் காருக்கும் நடுவே நின்று மறைக்கப் பார்த்தார். வேன்காரர் மட்டும் குந்தியபடி சுரண்டிக்கொண்டிருந்தார், அவர் மனைவி அவருக்குப் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கார் மெதுவாக வந்தது. கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தார்கள். உள்ளே முன் சீட்டில் ஒருவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் விழித்திருந்தார், ஆனால் தெருவின் அந்தப் பக்கம், ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்த காலி மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் வேகத்தடையில் ஏறியது, இறங்கியது. மூன்று தலைகளும் ஒன்றாக மேலே போய்க் கீழே வந்தன. பிறகு கார் வேகமெடுத்து, மளிகைக்கடையைத் தாண்டி, இன்னும் பாக்கியிருந்த ஊர்களைப் பார்க்கப் போய்விட்டது. வேன்காரர் அதற்குள் அரை முழம்தான் சுரண்டியிருந்தார்.

புழுதி மெல்ல இறங்கி, ஒட்டுகிற இடத்திலெல்லாம் ஒட்டியது.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர். "தலையாட்டினாங்க! மூணு பேரும்! ஒரே நேரத்துல!"

மளிகைக்கடைக்காரர் வேகத்தடையைப் பார்த்தார், தையல்காரம்மாவைப் பார்த்தார்.

தலைவர் அதற்குள் அடுத்த படிக்குப் போய்விட்டார். தெருவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "வர்ற வழி முழுக்க ஆட்டலை. சரியா இங்க வந்தப்பதான் ஆட்டினாங்க. இந்தக் குழாயைப் பாத்து." சுரண்டிய இடத்தில் தெரிந்த துருவை விரலால் தொட்டார். கண் விரிந்தது. "இயற்கை அழகு! இதைத்தான் எதிர்பாக்கறாங்க! நண்பர்களே, நாளையிலேர்ந்து எல்லாத்தையும் சுரண்டறோம்! பெஞ்சு, கேட்டு, பஸ் ஸ்டாப்பு, எல்லாம்!"

வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்து, ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை போயிற்று. மச்சினன் உட்கார்ந்துவிட்டான்.

தலைவர் வேன்காரரின் தோளில் கை வைத்தார். "தம்பி, உனக்குத்தான் இதுல அனுபவம். சுரண்டல் குழுவுக்கு நீதான் பொறுப்பு. காலையில ஆறு மணிக்கு வந்துடு."

"முடியாது, தலைவரே."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அது ஒன்றும் கனமாக இல்லை. தலைவர் காரணத்துக்காகக் காத்திருந்தார். வேன்காரருக்குக் காரணம் சொல்லத் தெம்பில்லை, எனவே சொல்லவில்லை. பேச்சு அங்கேயே படுத்துவிட்டது. இல்லை என்று சொன்னாலும் படுக்கும் போலிருக்கிறது.

"என்னங்க, அங்க என்ன பேச்சு?" பின்னால் இருந்து குரல் வந்தது. அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, கை மட்டும் குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. "நிக்க முடியலை. அடுத்த முழம்."

அவர் சாக்கடைப் பலகையைத் தாண்டித் தகட்டை வைத்து இழுத்தார். கடை பெஞ்சு இன்னும் ஈரமாக மினுமினுத்தது. போய்ச் சேர்ந்தாலும் உட்கார முடியாது. அவள் அதைப் பார்த்தாள், மளிகைக்கடைக்காரரைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, ஒரு சாக்கு இருந்தா பெஞ்சுல போடு. நான் வர்ற வரைக்கும் அந்தப் பெயிண்டர் மாமியார் வீட்டுலேர்ந்து திரும்பிட்டாரான்னு சொல்லிட்டு இரு."